கண்மாய்க்கு ஒரு குழு: செட்டிநாட்டில் சேர்ந்து பயிர் செய்ய, சேர்ந்து விற்க, தாங்களே நிர்வகிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியிலிருந்து கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நடுவில் எங்கோ ஒரு துண்டு பச்சை தெரியும். நிலத்துக்குச் சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். உழுகிறவர் ஊரில் இருக்கிறார், ஆனால் அவர் பெயரில் பட்டா கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் கண்மாய் பெருகும், இல்லாவிட்டால் மானாவாரிதான். விளைந்தால் வாங்க வருகிறவர் சொன்னதே விலை. இதில் எதையும் ஒரு குடும்பம் தனியாகச் சமாளிக்க முடியாது. அதனால்தான் 'குழுவாகச் சேருங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

சொல்வதற்கு ஏற்றபடி ஊருக்கு ஊர் பெயர்ப்பலகையும் இருக்கிறது. பலகைக்குப் பின்னால் குழுதான் இல்லை. மானியம் வருகிறது என்று அவசரமாகப் பதிவு செய்கிறார்கள், நாலு பேர் கையெழுத்துப் போடுகிறார்கள், ஒருவர் தலைவராகிறார். மானியம் தீர்ந்ததும் அலுவலக வாடகை கொடுக்க ஆளில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் பதிவைப் பிற்பாட்டுக்குத் தள்ளியிருக்கிறேன். முதலில் ஒரு போகம் சேர்ந்து ஒரு வேலை செய்து, அதன் கணக்கை எல்லோர் முன்னும் வாசித்துப் பழக வேண்டும். பதிவு அதற்கப்புறம்.

முதல் படி: எல்லையைக் கண்மாயை வைத்துப் போடுங்கள்

குழுவின் எல்லை தெருவாக இருந்தால் அது சாதிக் குழுவாகும். கட்சிக்காரர் கூட்டினால் கட்சிக் குழுவாகும். ஒரே கண்மாயின் ஆயக்கட்டில், அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலத்தில், பயிர் செய்கிறவர்கள் என்று எல்லை போட்டால், ஒரே மடைத் தண்ணீரைப் பார்த்துக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் தானாக உள்ளே வந்துவிடுவார்கள். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே பாயில் உட்கார வேண்டியிருக்கும். அது சிரமம்தான். ஆனால் எப்படியும் வரப்போகிற சண்டையை வரப்பில் போடாமல் கூட்டத்தில் போடலாம்.

தொடக்கத்தில் இருபது பேர் போதும். தமிழக அரசு 2017-18இல் கொண்டுவந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்திலும் இதே அளவுதான்: இருபது சிறு, குறு விவசாயிகள் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு, ஐந்து ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து நூறு பேரானால் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. அந்த நூறு பேர் குழுவுக்குப் பண்ணைக் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி என்று திட்டம் வைத்தார்கள். திட்டங்கள் வரும், பெயர் மாறும். இருபது என்ற எண்ணிக்கை நல்லது, அதை வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்குள் யார் சொல்வதும் யாருக்கும் கேட்கும்.

கூடுகிற இடம் முக்கியம். கோயில் மண்டபம் வேண்டாம், பெரிய வீட்டுத் திண்ணையும் வேண்டாம். எல்லோரும் சமமாக ஏறி உட்கார முடியாத இடத்தில் சமமான பேச்சு நடக்காது, இதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட வராந்தா, கிராம சேவை மையம், இல்லாவிட்டால் கண்மாய்க் கரை வேப்பமரம். நேரம் இரவு ஏழு மணிக்கு என்றால் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் அடுப்பை நினைத்துக்கொண்டே இருப்பார்கள். காலையில் நூறு நாள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்போ, மாலை நாலு மணிவாக்கிலோ வையுங்கள்.

கூடியதும் முதல் வேலை ஒரு கணக்கெடுப்பு. குன்றக்குடி அடிகளார் தம் ஊரில் நடத்திய கிராமத் திட்டம், பிறகு 'குன்றக்குடி மாதிரி' என்று டெல்லி வரை பேசப்பட்டது. ஊரில் என்ன வளம் இருக்கிறது, யாருக்கு என்ன வேலை தெரியும் என்பதிலிருந்து அது தொடங்கியது. அந்த அளவுக்குப் பெரிதாக வேண்டாம். எத்தனை ஏக்கர், எது தரிசு, யார் கையில் என்ன விதை, எத்தனை மோட்டார், எத்தனை ஆடு மாடு, யார் வீட்டில் எடை மிஷின், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் எந்த வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கிறது என்று இரண்டு பக்கத்தில் எழுதிவிடலாம்.

இரண்டாம் படி: யார் உறுப்பினர்

இங்கேதான் பல குழுக்கள் முளையிலேயே கோணிப்போகின்றன. பட்டா வைத்திருப்பவர்தான் உறுப்பினர் என்று எழுதினால், கூட்டத்துக்கு வரவே முடியாத சொந்தக்காரர்கள் உள்ளேயும் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர்கள் வெளியேயும் போய்விடுவார்கள். என் கருத்தில் விதி ஒன்றுதான்: மண்ணில் வேலை செய்கிறவர் உறுப்பினர். சொந்தக்காரர் நிலத்தைக் கொடுக்கலாம், குத்தகை வாங்கலாம், வருடாந்திரக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கலாம். ஓட்டு கிடையாது.

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டிருப்பதற்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம். உழவிட்டால் திரும்பி வராது என்ற பயம். குத்தகைதாரர் உரிமைப் பதிவுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அதனால் வாய்ச்சொல்லுக்குக்கூடத் தயங்குகிறார்கள். தனி ஆள் கேட்டால் மறுக்கிறவர், குழுவாகக் கேட்டு மூன்று வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, கருவேலத்தை வேரோடு எடுத்துத் தருகிறோம் என்றால் இறங்கி வருவார். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ அவர் ஊருக்கு வரும்போது நேரில் போய்ப் பேசுங்கள். போனில் பேசினால் 'பார்க்கலாம்' என்பதோடு நின்றுவிடும்.

பெண்கள் விஷயத்தில் கறாராக இருங்கள். நகரத்தார் கோயில் வரியில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. பணக்காரருக்கும் ஒரு புள்ளி, இல்லாதவருக்கும் ஒரு புள்ளி என்ற கணக்கு அதில் அழகானது, அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நம் குழுவில் குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் பேர் ஆணுக்கும் வேலை பெண்ணுக்கும் போகும். களை எடுப்பது, நாற்று நடுவது, கடலை உடைப்பது, விதை எடுத்து வைப்பது எல்லாம் யார் என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஆகவே ஆளுக்கு ஓர் ஓட்டு, ஒரே வீட்டில் இருவர் வேலை செய்தால் இருவரும் உறுப்பினர். நிலமே இல்லாத கூலிப் பெண்கள் காயவைத்துப் புடைத்துப் பொட்டலம் போடும் வேலையில் இருந்தால் அவர்களும்தான்.

அரசுத் திட்டங்களுக்குச் சிறு, குறு விவசாயி சான்று கேட்பார்கள். இரண்டரை ஏக்கர் வரை குறு, ஐந்து ஏக்கர் வரை சிறு. தாசில்தார் அலுவலகச் சான்று அது. குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் பேசி அடங்கலில், அதாவது அவர் வைத்திருக்கும் பயிர்ப் பதிவேட்டில், தங்கள் சாகுபடி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு பயிர்க் காப்பீட்டுக்கும் அது வேண்டும்.

மூன்றாம் படி: ஒரு போகம், ஒரே ஒரு பொது வேலை

முதல் வருடமே விதை, உரம், விற்பனை, எண்ணெய்ச் செக்கு என்று எல்லாவற்றிலும் கை வைக்காதீர்கள். ஒன்றே ஒன்று. என்னைக் கேட்டால் அறுவடை வண்டியில் தொடங்குவேன்.

காரணம் இது. தை பிறந்ததும் கதிர் அறுக்கும் வண்டி வெளியூரிலிருந்து வருகிறது. ஏற்பாடு செய்கிறவர் தரகர். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. தனித்தனியாகக் கூப்பிட்டால் வண்டி ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்து, அந்த நேரமும் யாரோ ஒருவர் தலையில் விழும். இருபது பேர் சேர்ந்து நாற்பது ஏக்கருக்கு மொத்தமாகப் பேசினால் வாடகை குறையும், வண்டியும் வரும் தேதியைச் சொல்லும். அப்புறம்தான் கேள்வி: யாருடைய வயல் முதலில்? ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதையும், செயின் வண்டிக்கு வாடகை கூட. பாதையில்லாத உள்வயலுக்குப் போக முன்வயலை அறுத்தே ஆக வேண்டும். முன்வயல்காரர் நெல் இன்னும் பழுக்கவில்லை என்பார். உள்வயல்காரர் மழை வரும் என்று பதறுவார்.

இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்கத் தெரிந்த குழு வேறு எதையும் சமாளிக்கும். மூன்று பேர் வரப்பில் நடந்து கதிரை உருவிப் பார்க்கட்டும். முதிர்ச்சி, பாதை, ஈரம் மூன்றையும் வைத்து வரிசை எழுதட்டும். அதை முதல் நாள் மாலையில் எல்லோர் முன்னும் வாசித்து, ஒரு சுற்றுக் கேட்க வேண்டும். கேள்வி 'எல்லோருக்கும் பிடித்திருக்கிறதா' என்பதாக இருக்கக்கூடாது, பிடிக்காதவர் எப்போதும் இருப்பார். 'இந்த வரிசையால் யாருக்காவது நஷ்டம் வருமா?' என்று கேளுங்கள். நஷ்டம் என்று ஒருவர் காரணத்தோடு சொன்னால் வரிசையை மாற்றுங்கள். காரணம் இல்லாமல் மனத்தாங்கல் மட்டும் இருந்தால் கேட்டுக்கொண்டு, வரிசைப்படியே போகலாம். பெரும்பான்மை ஓட்டெடுப்பு வேகமானது, ஆனால் பதினொன்றுக்கு ஒன்பது என்று தோற்ற ஒன்பது பேர் அடுத்த வருடம் வரமாட்டார்கள். ஓட்டெடுப்பை நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கவும், இரண்டு சுற்றுப் பேசியும் முடியாத விஷயத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்குப் பதில் வரத்துக்கால் தூர்வாருவது, விதைநெல் மொத்தமாக வாங்குவது என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு மாதத்துக்குள் முடியக்கூடியதாக, பணம் கொஞ்சமாவது புழங்கக்கூடியதாக இருக்கட்டும். பணம் புழங்காத வேலையில் யாருடைய குணமும் தெரியாது.

நான்காம் படி: ஒரு பக்க விதி

பதிவுக்கான துணைவிதிகளை யாரோ தட்டச்சு செய்து கொடுப்பார்கள், யாரும் படிக்கமாட்டார்கள். அதற்கு முன் உங்கள் வார்த்தையில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எழுதும்போது பணம் இன்னும் வரவில்லை என்பதுதான் வசதி. பணம் வந்தபின் விதி எழுத உட்கார்ந்தால் ஒவ்வொருவரும் தன் பங்கைக் கணக்குப் போட்டுக்கொண்டே பேசுவார்.

அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், தலைவர், செயலாளர், பொருளாளர் எத்தனை வருடம், எவ்வளவு ரூபாய் வரை பொறுப்பாளரே செலவு செய்யலாம், அதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும், தவறினால் என்ன, விலகினால் என்ன கிடைக்கும், புகாரை யார் விசாரிப்பது.

பதவிக்காலம் ஒரு வருடம் போதும். இரண்டு முறைக்கு மேல் தொடரக்கூடாது. சுமார் 1,100 வருடங்களுக்கு முன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலை முறையில் ஏரி வாரியம், தோட்ட வாரியத்துக்கு ஆள் எடுக்கிற விதிகள் இருக்கின்றன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்பது அதில் ஒன்று. நிலமும் வீடும் படிப்பும் உள்ள ஒரு சிலருக்கு மட்டுமான சபை அது, அந்தப் பகுதி நமக்கு வேண்டாம். உறவினரையும் சேர்த்துத் தடுத்தார்களே, அந்த விவரம் வேண்டும். நம் ஊர்களில் ஒருவர் இறங்கினால் மச்சினன் ஏறுவார்.

தண்டனையைப் படிப்படியாக வையுங்கள். முதல் முறை கூட்டத்தில் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை சிறு அபராதம். மூன்றாம் முறை ஒரு போகம் குழுவின் வசதி கிடையாது. எடுத்த எடுப்பில் நீக்கம் என்று எழுதினால் அந்த விதியை யாரும் அமல்படுத்தமாட்டார்கள், உறவு முறிந்துவிடும் என்று பயந்து விட்டுவிடுவார்கள். புகாரை விசாரிக்க மூன்று பேர், அதில் ஒருவர் குழுவுக்கு வெளியே உள்ளவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் மாதிரி. நிர்வாகிகள் யாரும் அதில் இருக்கக்கூடாது.

ஐந்தாம் படி: கணக்கு

இந்த மண்ணில் கணக்கைப் பற்றி வகுப்பெடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்த வீடுகளில் பேரேடும் ஐந்தொகையும் (ஆண்டு முடிவின் இருப்புநிலைக் கணக்கு) எழுதத் தெரியாத பையன் வேலைக்கு ஆகமாட்டான். அந்தப் பழக்கத்தைத்தான் கேட்கிறேன், கணினி மென்பொருள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று நோட்டு. ஒன்று நாட்குறிப்பு: அன்றன்று வந்தது, போனது, யார் கையில், எதற்கு. இரண்டாவது பேரேடு: ஆளுக்கு ஒரு பக்கம், பற்று வரவு. மூன்றாவது சரக்கு நோட்டு: யார் எவ்வளவு கொண்டுவந்தார், எடை, ஈரம், தரம். ரசீது ஒவ்வொன்றும் எண் போட்டு ஒட்டப்பட வேண்டும். டீக்கடைச் செலவுக்கு ரசீது இல்லையென்றால் இரண்டு பேர் கையெழுத்துடன் ஒரு சீட்டு. வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. ஏடிஎம் அட்டை வாங்கவே வேண்டாம்.

மாதம் ஒருமுறை நாட்குறிப்பை உரக்க வாசிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்துப் போட்டால் போதாதா என்பார்கள். போதாது. 'மாசி 3, சாக்கு வாங்கியது, 200, ரூபாய் 5,000' என்று ஒருவர் வாசிக்கும்போது, 'சாக்கு ஒன்று இருபத்தஞ்சா? போன வாரம் நான் பதினெட்டுக்கு வாங்கினேனே' என்று பின்வரிசையிலிருந்து ஓர் ஆத்தா கேட்பார். அந்தக் கேள்வி போட்டோவுக்குக் கீழே வராது. வாசிக்கும் பொறுப்பு பொருளாளருக்கு வேண்டாம், ஒவ்வொரு மாதமும் வேறொருவர் வாசிக்கட்டும். எழுதியவரே வாசித்தால் தடுமாற்றம் தெரியாமல் ஓட்டிவிடுவார். படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளை வாசிக்கட்டும்.

மகமை என்ற பழைய வழக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் பொதுவுக்கு. இதை லாபத்தில் பிடிக்காதீர்கள், விற்பனையில் பிடியுங்கள். லாபம் எவ்வளவு என்பது எப்போதும் வாக்குவாதம், விற்பனை எவ்வளவு என்பதை ரசீதே சொல்லிவிடும்.

ஆறாம் படி: விலையும் விற்பனையும்

குழுவை உடைப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். குழுவுக்குத் தருகிறேன் என்றவர், வாசலில் வந்து நிற்கும் வியாபாரி கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்ததும் அங்கே போட்டுவிடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை. பிள்ளைக்குப் பீஸ் கட்ட நாளைக்குப் பணம் வேண்டும், குழு அடுத்த மாதம்தான் தரும் என்றால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆகவே விளைச்சல் முழுவதையும் கேட்காதீர்கள். பாதியைக் குழுவுக்கு, மீதி அவர் இஷ்டம். அந்தப் பாதியைப் பயிர் பாதியில் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் உதாரணத்துக்கு. உறுப்பினர்கள் சேர்ந்து காய்ந்த நிலக்கடலை 5,000 கிலோ தருகிறார்கள். அன்றைய விலை கிலோ 70 ரூபாய். கையில் உடனே 56 ரூபாய் கொடுக்கிறது குழு, அதாவது நூற்றுக்கு எண்பது, மொத்தம் 2,80,000. தரம் பிரித்து மொத்தமாகக் கொடுத்ததில் கிலோ 78க்குப் போகிறது: 3,90,000. சாக்கு, வண்டி, கூலி 22,000. மகமை 7,800. முன்பணத்தையும் கழித்தால் கையில் 80,200. அதில் 10,200ஐ அடுத்த போகத்துக்கு வைத்துக்கொண்டு 70,000த்தைப் பிரித்தால் கிலோவுக்கு 14 ரூபாய். 500 கிலோ போட்டவருக்கு முதலில் 28,000, பிறகு 7,000, ஆக 35,000.

கவனியுங்கள், கிலோவுக்கு அவருக்குக் கிடைத்தது 70 ரூபாய்தான். வாசலில் விற்றாலும் அதேதான் கிடைத்திருக்கும். முதல் வருடம் பெரும்பாலும் இப்படித்தான் முடியும், இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வித்தியாசம் பொதுவில் சேர்ந்த 18,000 ரூபாய். இரண்டு வருடத்தில் அது ஒரு தார்ப்பாய் அடுக்கும் ஓர் எடை மிஷினும் ஈரப்பத மானியும் ஆகும். ஈரப்பத மானி சிறிய விஷயமாகத் தெரியலாம். அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் நெல்லுக்கு எல்லை. அங்கே போய் வரிசையில் நின்று திருப்பி அனுப்பப்படுவதைவிட, களத்திலேயே பார்த்து இன்னொரு வெயில் காட்டிவிட்டுக் கொண்டுபோகலாம்.

பிரிக்கும்போது பங்குத்தொகையைப் பார்க்காதீர்கள், யார் எவ்வளவு சரக்குக் கொண்டுவந்தார் என்பதைப் பாருங்கள். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் மாவும் வெண்ணெயும் விற்கிற சிறு கடை திறந்தபோது வைத்த முறை இதுதான்: வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபம், ஆளுக்கு ஓர் ஓட்டு. இன்றைக்கும் கூட்டுறவின் முதுகெலும்பு அந்த இரண்டும்தான்.

முன்பணத்துக்கு 2,80,000 எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், நாம் சொசைட்டி என்கிறோமே, அங்கேயும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் சரக்கை அடமானம் வைத்து ஈட்டுக்கடன் வாங்கும் வழி உண்டு. இல்லையென்றால் முதல் வருடம் 2,000 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கந்துவட்டிக்கு வாங்கி முன்பணம் கொடுக்காதீர்கள்.

யாருக்கு விற்பது? செட்டிநாட்டுக்கு வேறு ஊர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: இங்கே சாப்பாட்டுக்கே பெயர். கானாடுகாத்தான், காரைக்குடி அரண்மனை வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. தேன்குழலும் மனகோலமும் சீப்புச் சீடையும் போடுகிற பலகாரக் கடைகள் இருக்கின்றன. கல்யாணச் சமையல்காரர்கள் ஆயிரம் இலைக்கு ஒரே தடவையில் சாமான் வாங்குகிறார்கள். ஆனால் இந்த இலையில் விழும் காய்கறியும் பருப்பும் எண்ணெயும் பெரும்பாலும் லாரியில் வருகிறது. ஒரு பலகாரக் கடைக்கு மாதம் எவ்வளவு கடலெண்ணெய், எவ்வளவு உளுந்து, எவ்வளவு பச்சரிசி என்று போய்க் கேளுங்கள். அதற்கேற்ப விதையுங்கள். கத்தரியும் வெண்டையும் போடுகிறவர்கள் உழவர் சந்தை அடையாள அட்டை வாங்கிக்கொள்ளலாம். 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம் அது, தரகு கிடையாது.

கருப்புக் கவுனியைப் பற்றி ஒரு வார்த்தை. பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள். கல்யாண விருந்தில் கவுனி அரிசி இல்லாவிட்டால் குறை. நல்ல விலை என்று எல்லோரும் கவுனி போடக் கிளம்புகிறார்கள். ஏறக்குறைய ஐந்து மாதப் பயிர், உயரமாக வளர்ந்து மழைக்காற்றில் சாயும், மகசூலும் புது ரகங்களைவிடக் குறைவு. கண்மாய்த் தண்ணீர் தை வரை நிற்குமா என்று பார்த்து, ஆளுக்குக் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று தொடங்குவது புத்திசாலித்தனம். இயற்கை விளைபொருள் என்று சொல்லி விற்க வேண்டுமானால், ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சோதித்துச் சான்று தருகிற பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. தனிச் சான்றிதழுக்குச் செலவழிக்க வேண்டாம். பொட்டலம் போட்டு விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் வேண்டும்.

எடையில் ஒரே விதி: எல்லாம் கிலோ. மூட்டை என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும்.

ஏழாம் படி: தண்ணீர்

குழு கண்மாய்க்குச் சொந்தக்காரர் இல்லை. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. கரையில் கைவைக்கவும், தண்ணீர் நிற்கும் உள்வாயில் கருவேலம் வெட்டவும் அனுமதி வேண்டும். மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலமும் அப்படியே. ஆனால் வரத்துக்காலைச் சுத்தம் செய்வதற்கும் மடை திறக்கும் முறையைப் பேசி வைப்பதற்கும் யாரும் தடுக்கமாட்டார்கள். குடிமராமத்து என்பது அதுதான். பெரிய வேலைக்கு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது, குழுவாக இருபது பேர் போய் உட்கார்ந்தால் தீர்மானம் எழுதாமல் விடமுடியாது.

பல ஊர்களில் நீர்பாய்ச்சி ஒருவர் இன்னும் இருக்கிறார், அல்லது அவர் மகன் இருக்கிறார். மிகுநீர் வெளியேறும் கலுங்கு எவ்வளவு வழிந்தால் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குக் களத்தில் ஒரு மரக்கால் நெல் கொடுத்ததை நிறுத்தியதோடு, தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடும் வழக்கமும் நின்றுபோனது. அதைச் சம்பளமாக மகமையிலிருந்து கொடுங்கள். தண்ணீர் குறைந்த வருடம் யாருக்கு முதலில் என்பதை ஐப்பசிக்கு முன்பே எழுதிவிட வேண்டும். கடைமடைக்கு ஒரு முறையாவது போகாமல் தலைமடைக்கு இரண்டாம் முறை கிடையாது என்பது நியாயமான தொடக்கம்.

எட்டாம் படி: இப்போது பதிவு

ஒரு வருடம் ஓடி, கணக்கும் வாசித்துவிட்டீர்கள் என்றால் மூன்று வழி. சங்கப் பதிவுச் சட்டம் 1975: ஏழு பேர் போதும், சுலபம், ஆனால் லாபத்தை உறுப்பினருக்குப் பிரிக்க முடியாது. விதை வங்கி, கண்மாய் பராமரிப்புக்குச் சரி, வியாபாரத்துக்கு ஆகாது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983: இருபத்தைந்து பேர் வேண்டும், பதிவாளரின் கட்டுப்பாடு அதிகம், நிர்வாகக் குழுவைக் கலைக்கும் அதிகாரமும் அரசிடம் இருக்கிறது. மூன்றாவது, உற்பத்தியாளர் நிறுவனம். கம்பெனிச் சட்டத்தில் வருவது. பத்து உற்பத்தியாளர்கள் இருந்தால் தொடங்கலாம். இயக்குநர்கள் ஐந்திலிருந்து பதினைந்து வரை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஓர் ஓட்டுதான், சரக்குக்கு ஏற்ற போனஸும் சட்டத்திலேயே இருக்கிறது.

விற்பனை செய்யப்போகிற குழுவுக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன், ஆனால் இருபது பேரோடு இல்லை. ஆடிட்டர் கட்டணமும் வருடாந்திரப் படிவங்களும் உண்டு, முக்கியமான படிவம் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பக்கத்துக் கண்மாய்க் குழுக்கள் ஐந்தாறு சேரட்டும். மத்திய அரசு 2020இல் தொடங்கிய பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டம் சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்களைக் கேட்டது. நிர்வாகச் செலவுக்கு மூன்று வருடத்தில் 18 லட்சம் வரை, உறுப்பினர் பங்குக்குச் சமமாக ஆளுக்கு 2,000 வரை என்று உதவி வைத்திருந்தது. இப்போது எந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்று மாவட்ட வேளாண் வணிக அலுவலகத்திலும் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான நபார்டு வங்கியின் மாவட்ட அதிகாரியிடமும் கேளுங்கள்.

நிறுவனமான பிறகும் கண்மாய்க் குழுக்கள் கலையக்கூடாது. மாதக் கூட்டமும் வாசிப்பும் அங்கேயே நடக்க வேண்டும், ஒவ்வொரு குழுவும் ஓர் இயக்குநரை அனுப்ப வேண்டும், திருப்பி அழைக்கவும் முடிய வேண்டும். தலைமை நிர்வாகியாகச் சம்பளத்துக்கு வருகிறவர் படித்த பிள்ளையாக இருப்பார், ஆங்கிலம் பேசுவார், எல்லோரும் அவரிடமே விட்டுவிடுவார்கள். அவர் கையெழுத்திடும் தொகைக்கு வரம்பு வையுங்கள்.

எப்போது எதை

ஆடியில் முதல் கூட்டம், கணக்கெடுப்பு. ஆவணியில் ஒரு பக்க விதி, விதைநெல். புரட்டாசிக்குள் வரத்துக்கால் வேலை முடிந்து தண்ணீர் முறை எழுதப்பட்டிருக்க வேண்டும், அதற்குப் பிறகு மழை பேசவிடாது. கார்த்திகையில் பாதி விளைச்சலுக்கான ஒப்புதலை வாங்குங்கள். மார்கழியில் வண்டிக்காரரிடம் பேசி, வரிசைக் குழு வரப்பில் இறங்கட்டும். தை, மாசியில் அறுவடை, எடை, முன்பணம். மார்ச் 31 பங்குனி நடுவில் வருகிறது, அதற்குள் நாட்குறிப்பை மூடி ஐந்தொகை எழுதிவிடுங்கள். சித்திரையில் மீதிப் பணத்தைப் பிரித்துக் கொடுத்து, அன்றைக்கே அடுத்த வருடப் பொறுப்பாளர்களையும் தேர்ந்தெடுத்துவிடலாம். கணக்கு முடியாமல் தேர்தல் மட்டும் வைக்காதீர்கள்.